வாத்தியார் படத்தின் சத்தம்

படம் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. "ஒங்களுக்கு என்னா லா, காலாட்டிக்கிட்டே படம் பாக்கற வேல" என்று பொறாமைப்பட்டவர்களை எல்லாம் என் நாற்காலியில் ஒரு வாரம் உட்கார வைத்திருக்க வேண்டும். மறுநாளே மெடிக்கல் லீவு கேட்டிருப்பார்கள்.

கோலாலம்பூரில், தமிழ்ப் படங்களை டிஸ்க்கில் போட்டு விற்ற ஒரு சின்ன கம்பெனி அது. முதலில் கேசட், பிறகு விசிடி, அதற்குப் பிறகு டிவிடி. எதுவானாலும் அச்சுக்குப் போகுமுன் ஒரு ஆள் உட்கார்ந்து முழுசாகப் பார்த்து, பழுதில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆள் நான். இப்போது கம்பெனியும் இல்லை, டிஸ்க் வாங்குகிறவர்களும் இல்லை. ஓய்வு பெற்று, கேமரன் மலையில் இருக்கும் ரிங்லெட்டுக்கு வந்து, ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறேன். அன்று என்னோடு வேலை செய்த பையன்கள் வாட்சப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். "அண்ணே, ஒங்கள ரொம்பப் படுத்தி எடுத்த டிஸ்க் எது?" என்று போன வாரம் ஒருவன் கேட்டான். வாட்சப்பில் தட்டித் தீரும் கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைச் சொல்ல அதிக இடம் வேண்டாம். இதே ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். பள்ளி முடிந்ததும் மலையிறங்கி, டிவி ரிப்பேர் கடையில் எடுபிடியாக இருந்து, கேசட் பதிவு செய்யும் அறையில் சில வருஷம் கழித்து, அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன்.

வேலை முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்தது எல்லாம் அதனால்தான். ஆரம்பத்தில் நானும் எல்லாரையும் போலத்தான் பார்த்தேன். ஒரு படத்தில் தாயும் மகனும் பிரியும் காட்சி. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தக் காட்சியின் நடுவில் சத்தம் கொஞ்ச நேரம் அறவே இல்லை. வாங்கியவர்கள் கடைக்குப் போய்க் கத்த, டிஸ்க் எல்லாம் திரும்பி வந்தது.

எங்கள் முதலாளி ஒரு பெண்மணி. மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கையில் சாவிக்கொத்தோடு நின்றபடியே பேசுவார், நின்றபடியே கச்சான் கடலை கொறிப்பார். சத்தம் போட மாட்டார். டிஸ்க்கை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "திரும்பி வராதுல்ல?" என்று மட்டும் கேட்பார். அவருக்கு உலகத்தில் இரண்டே வகை டிஸ்க்தான். போகிறது, திரும்பி வருகிறது. அந்த அழுகைக் காட்சிக்குப் பிறகு அவர் எனக்கு ஒரு சட்டம் போட்டார்.

"பாக்கறப்போ கேக்காத. கேக்கறப்போ பாக்காத."

அன்றிலிருந்து முதல் சுற்றில் சத்தத்தை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பேன். கீறல் இருக்கிறதா, நிறம் வழிகிறதா, முகம் கட்டம் கட்டமாக உடைகிறதா. இரண்டாம் சுற்றில் டிவி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பேன். மூன்றாவதில் கீழே ஓடும் எழுத்துகள். சத்தமும் படமும் ஒட்டுகிறதா என்பது என் தலைவலி இல்லை. அது பக்கத்து அறை ஜோசப்பின் வேலை. அவன்தான் ஃபிலிமை டிஸ்க்குக்கு மாற்றுகிறவன்.

நல்ல முறைதான். அதற்குப் பிறகு வெகுகாலம் என் கையெழுத்துப் போட்ட டிஸ்க் திரும்பி வந்ததில்லை. ஆனால் ஜன்னல் இல்லாத அறையில், ஏர்கான் குளிரில், வருஷக்கணக்காக இப்படி இருந்தால் மனிதன் ஒரு மாதிரி ஆகிவிடுவான். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் படக் கதை பேசுவார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. கதாநாயகன் பிழைத்தானா செத்தானா என்று கேட்டால் முழிப்பேன். எங்கே கீறல் என்று கேட்டால் சொல்வேன். கல்யாணமும் கூடி வரவில்லை. பேச்சே குறைந்து போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் வாத்தியார் படம் வந்தது.

வாத்தியார் என்பவர் கேமரன் மலையில் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். நாடகம் எழுதுவதில் அந்தக் காலத்தில் பெயர் போனவர். ஈப்போ, கிள்ளான் வரைக்கும் அவர் நாடகம் போகும். மேடத்தின் அப்பா அவர் நாடகங்களில் சேலை கட்டிப் பெண் வேஷம் போட்டவராம். அந்த வாத்தியார் வாழ்நாளில் ஒரே ஒரு படம் எடுத்திருந்தார். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுச்சென்ற கேமராவில், தன் மனைவியையே நடிக்க வைத்து எடுத்தது. கதை இல்லை, பாட்டு இல்லை, பெயர்கூட இல்லை. ஒரு தகர டப்பாவில் படச்சுருளும், தனியாக ஒரு கேசட்டில் சத்தமும் வந்து சேர்ந்தன. மேடம் அப்பாவின் நினைவாக அதை டிஸ்க்கில் போட முடிவு செய்தார். வருஷக்கணக்கில் அவர் செய்த ஒரே லாபமில்லாத காரியம்.

படத்தின் முதல் பாதியில் ஒரு பெண் மலையில் கொழுந்து எடுக்கிறாள், தராசில் நிறுக்கக் கொடுக்கிறாள். இரண்டாம் பாதியில் அவள் வீட்டில் சமைக்கிறாள், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள். அவ்வளவுதான். கேசட்டில் ஒரு பக்கம் வீட்டுச் சத்தம், மறு பக்கம் மலைச் சத்தம். எது முதல் பக்கம் என்று எழுதியிருந்த தாள் நைந்து போயிருந்தது. ஜோசப்புக்கு அதில் என்ன யோசனை. மலைக்கு மலைச் சத்தத்தையும் வீட்டுக்கு வீட்டுச் சத்தத்தையும் போட்டான். இழுத்துப் பிடித்து, நகர்த்தி, தராசு ஆடும்போது தராசுச் சத்தம் வருகிற மாதிரி ஒட்டவும் வைத்தான். அந்த வேலையில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

நான் என் முறைப்படி பார்த்தேன், பிறகு கேட்டேன். ஒரே ஒரு இடத்தில் சந்தேகம் வந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் கைகள் திடீரென்று அப்படியே நிற்கின்றன. படம் உறைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். ஜோசப் பார்த்துவிட்டு, "பின்னால பனிமூட்டம் நகருது பாருங்கண்ணே. படம் நிக்கல, அந்த அம்மாதான் நிக்கறாங்க" என்றான். சரி என்று விட்டுவிட்டேன்.

வாத்தியார் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அச்சு என்று மேடம் சொல்லிவிட்டார். "நீ அந்தப் பக்கத்து ஆளு. நீயே போய்ட்டு வா." அப்படித்தான் ஒரு டிவிடி பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு, தாப்பாவில் பஸ் மாறி, ரிங்லெட்டில் இறங்கி, காய்கறி ஏற்றிப் போகும் பழைய லேண்ட்ரோவர் ஒன்றில் தொற்றிக்கொண்டு மேலே போனேன்.

வாத்தியார் தோட்டத்து லைன் வீடுகளின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். மனைவி இறந்து பல வருஷம். மகள் ஜோகூரில். பக்கத்து வீடுகளில் எல்லாம் நேப்பாளத்து ஆட்கள். பேச்சுத் துணைக்குத் தமிழ் ஆள் வேண்டுமென்றால் கோவில் வரைக்கும் நடக்க வேண்டும் என்றார். ஆனால் பேச்சு அவருக்குக் கேட்பதில்லை என்பதை நான் வந்த சற்று நேரத்தில் கண்டுகொண்டேன். நான் எது கேட்டாலும் சிரித்துத் தலையாட்டினார். "காதுக்கு மெஷின் இருக்கு தம்பி. போட்டா லோரி போற மாரி இரையுது. தூக்கிப் போட்டுட்டேன்" என்றார்.

டிஸ்க்கைப் போட்டேன். மலை தெரிந்தது. மூட்டத்துக்குள் அவர் மனைவியின் கைகள் கொழுந்து கிள்ளின. வாத்தியார் டிவிக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கேக்குதா தம்பி?"

"கேக்குது சார்."

"இப்ப பாருங்க. பாப்பா அழுவா."

டிவியில் கங்காணி, கீழ் நிரையை விட்டுவிட்டுப் போவதாக யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பாப்பாவும் இல்லை, அழுகையும் இல்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அழுவறா பாருங்க. அவ கை நிக்குது. அழுகையக் கேட்டுத்தான் நிக்கறா."

கைகள் நின்றன. நான் உறைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்த அதே இடம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கேசட்டின் பக்கத்தை ஜோசப் மாற்றிப் போட்டிருக்கிறான். மலையில் இருக்கும்போது வீட்டுச் சத்தம் கேட்க வேண்டும். வீட்டில் இருக்கும்போது மலைச் சத்தம். அதுதான் படமே. நாங்கள் அதைத் திருத்தி, சாதாரணமாக ஒரு பெண் கொழுந்து எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற படமாக ஆக்கி வைத்திருக்கிறோம். இந்த மனிதருக்கு அது தெரியாது, தெரியவும் போவதில்லை. ஒப்புதல் தாள் என் பையில் இருந்தது. ஆமாம் சார், நல்லா அழுவுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார், நானும் பஸ் பிடிக்கலாம்.

"கேக்கல சார்" என்றேன்.

"என்னா?"

"பாப்பா அழுவல சார். சத்தம் மாறிப்போச்சு." நான் கத்த வேண்டியிருந்தது.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒங்களுக்கும் காது மந்தமா தம்பி?"

ஒருவழியாகக் கையைக் காலை ஆட்டிப் புரிய வைத்தேன். அவர் கோபப்படவில்லை. டிவியை அணைத்தார். பிறகு சொன்னார். படத்தை எடுத்ததும் தோட்டத்து மண்டபத்தில் ஒரே ஒரு முறை போட்டாராம். தோட்டமே கூடிவிட்டது. சத்தம் ஒட்டவில்லை என்று கூச்சல். போட்ட ஆள் பயந்துபோய்ச் சத்தத்தையே நிறுத்திவிட்டான். மீதிப் படம் ஊமையாக ஓட, ஜனங்கள் எழுந்து போய்விட்டார்கள். வாத்தியாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கங்காணிகூடச் சிரித்தாராம். அதற்குப் பிறகு அவர் நாடகமும் எழுதவில்லை.

"எங்க வீட்டுக்காரிக்கு மட்டுந்தான் புரிஞ்சிச்சு. ஒரு எழுத்துப் படிக்காதவ. 'அங்க இருந்தா இங்க கேக்குது, இங்க இருந்தா அங்க கேக்குது. சரியாத்தான எடுத்துருக்கீங்க, இவங்க எதுக்குக் கத்துறாங்க'ன்னா." அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். "அவ ஒருத்தி பாத்தா. இன்னும் ஒருத்தர், ஒரே ஒருத்தர், முழுசாப் பாத்துட்டாப் போதும் தம்பி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ஒப்புதல் தாளைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பினேன்.

மேடம் நின்றபடியே கேட்டார். "பக்கத்த மாத்திப் போட்டா, வாங்கறவன் என்னா நெனப்பான்?"

"டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு நெனப்பான் மேடம்."

"திரும்பி வரும்."

"வரும்."

"வரும்னு தெரிஞ்சே போடச் சொல்றியா? நீயா?"

"ஆமா மேடம்."

சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அட்டையில் விளக்கம் எழுதிவிடலாமே என்றார். விளக்கம் எழுதினால் வாத்தியார் கோபித்துக்கொள்வார் என்றேன். மேடம் சிரித்துவிட்டார். "எங்கப்பாவும் இப்படித்தான், வாத்தியார் நாடகத்துக்குப் போயி கைக்காசு போட்டுட்டு வருவாரு. போய்த் தொல, போடு." ஜோசப்புக்குத்தான் முகம் தொங்கிவிட்டது. ஒட்ட வைத்ததை எல்லாம் தன் கையாலேயே பிரித்தான். அட்டையில் என்ன பெயர் போடுவது என்று யாருக்கும் தெரியாமல், வாத்தியார் படம் என்றே போட்டோம்.

திரும்பி வந்தது. கிள்ளானிலிருந்து, சிரம்பானிலிருந்து, ஈப்போவிலிருந்து. "சத்தம் ஒட்டலன்னு கஸ்டமர் திட்டறாங்க லா" என்று கடைக்காரர்கள் போன் மேல் போன். மேடம் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு பெட்டியை என் மேசை மேல் வைத்து, "ஒன் படம். அவர்கிட்டயே குடுத்துட்டு வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடி மலையேறினேன். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. வாத்தியார் வாசலிலேயே நின்றிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் கேட்டார்.

"வித்தது போக மீதியா?"

பொய் சொல்லலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அதைக் கத்திச் சொல்ல வேண்டும் என்பதால் வாய் வரவில்லை. "திரும்பி வந்துருச்சு சார்."

"என்னா சொல்லித் திருப்பிக் குடுத்தாங்க?"

"சத்தம் ஒட்டலன்னு."

"அப்படின்னா பாத்திருக்காங்க" என்றார். முகத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது. ஆனால் பெட்டியைத் தொடவில்லை. "பாதியில எழுந்திருச்சிருப்பாங்க. நீங்க பாத்தீங்களா தம்பி? முழுசா?"

என் முறையைச் சொன்னேன். படம் ஒரு சுற்று, சத்தம் ஒரு சுற்று. அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ரெண்டையும் சேத்துப் பாத்ததே இல்லியா? ஒரு படத்தையுமா?" என்று கேட்டார். பிறகு பாயை விரித்து, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். தன் மணிக்கட்டை என் பக்கம் நீட்டினார். "எனக்குக் கேக்காது. பாப்பா அழுதா ஒரு அமுக்கு அமுக்குங்க. அவ பேசுனா தட்டுங்க. போதும்."

அப்படித்தான் நான் வருஷங்களுக்குப் பிறகு ஒரு படத்தைப் படமாகப் பார்த்தேன். கிழவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு.

மூட்டத்துக்குள் கைகள் கொழுந்து கிள்ளின. அதன் மேல் அடுப்பில் விறகு முறியும் சத்தம் கேட்டது. யாரோ தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். பானை மூடி ஆடியது. அந்தப் பெண்ணின் குரல் வீட்டுக்குள்ளிருந்து பாப்பாவைக் கொஞ்சியது, நான் தட்டினேன். பிறகு பாப்பா அழுதது. கைகள் நின்றன. நான் அவர் மணிக்கட்டை அமுக்கினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வீடு வந்தது. அந்தப் பெண் பாப்பாவுக்குச் சோறு ஊட்டுகிறாள். பாப்பா அவள் கன்னத்தைப் பிடித்து இழுத்து எதையோ சொல்கிறது. அவளுக்குக் கேட்கவில்லை. எங்களுக்கும் கேட்கவில்லை. கணக்கெழுதும் கிராணி நிறுவை படிக்கிற சத்தமும், கங்காணியின் ஏச்சும், தராசின் கொக்கி ஆடுகிற சத்தமும்தான் வீடு முழுக்க இருந்தன. பாப்பா மறுபடியும் இழுக்கிறது. அவள் 'ம்' என்று தலையாட்டுகிறாள், கண் வேறெங்கோ இருக்கிறது.

எங்கம்மா இப்படித்தான் 'ம்' என்பார். பள்ளியில் நடந்ததை எல்லாம் நான் மூச்சுவிடாமல் சொல்வேன். ம் என்பார். நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு என்பேன். சொல்ல மாட்டார். என் பேச்சு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று முடிவு கட்டினேன். மலையிறங்கிப் போன பிறகும் அந்தக் கோபத்தை விடவில்லை. தீபாவளிக்கு வந்தால் மறுநாளே பஸ் ஏறிவிடுவேன். அவர் இறந்தபோது நான் கோலாலம்பூரில் காதில் மாட்டிக்கொண்டு எந்தப் படத்தையோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்தது. அவர் மணிக்கட்டை நான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எப்படி இருந்திச்சு தம்பி?"

பழுதில்லை என்று எழுதிப் பழகியவன் நான். "எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான் சார்" என்றேன்.

"என்னா?"

மறுபடி சொன்னேன். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார். கேட்கவில்லை. யாரிடமும் மெல்லக்கூடச் சொல்லியிராததை நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"நான் பேசுனா எங்கம்மா கேக்கறதே இல்லன்னு நெனச்சுட்டேன் சார். அவங்க மலையில நின்னுக்கிட்டு நாள் பூரா என்னைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. எனக்குத் தெரியாது சார். தெரியாமப் போச்சு."

ஏதோ சண்டை என்று நினைத்து, பக்கத்து வீட்டு நேப்பாளத்து ஆட்கள் இரண்டு பேர் நனைந்துகொண்டே வாசலில் வந்து நின்றார்கள். ஒரு கிழவர் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்க, தலை நரைத்த ஒருவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கத்தி அழுவதைப் பார்த்தார்கள். ஒரு சொல்கூட அவர்களுக்குப் புரிந்திருக்காது.

வாத்தியாருக்கு இந்த முறை கேட்டுவிட்டது. மறு கையால் என் கையின் மேல் தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆமா தம்பி" என்றார். "அவளும் அதத்தான் சொன்னா."